மழையில்லாத ஆடியில் காவிரி நிறைவது எப்படி? கரையோரக் கோடையின் கணக்கு

சித்திரை மாதம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கினால் பல ஆண்டுகளில் கால் மணலில்தான் படும். தண்ணீரைத் தொட இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். சில ஆண்டுகளில் நடந்தும் பயன் இருக்காது. அதே படித்துறையில் ஆடி மாதம் தடுப்புக் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, "யாரும் ஆழத்துக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இடைப்பட்ட மூன்று மாதத்தில் திருச்சியில் பெரிய மழை எதுவும் பெய்திருக்காது. வெயிலும் குறைந்திருக்காது. நாளிதழின் ஒரே பக்கத்தில் மேலே "வெயில் கொளுத்துகிறது", கீழே "காவிரிக் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை" என்று இரண்டு செய்திகள் வரும். படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு.

ஆற்றங்கரையில் கோடையைக் கழிப்பது சுகம் என்பார்கள். ஆனால் காவிரிக்கரையில் அந்தச் சுகம் ஒன்றல்ல, இரண்டு. முதல் பாதி மணல் தருவது, இரண்டாம் பாதி தண்ணீர் தருவது. இரண்டுக்கும் நடுவே ஓர் அணையின் கதவு இருக்கிறது. மணல் எப்படி வேலை செய்கிறது, கதவு எப்போது திறக்கிறது என்ற இரண்டும் பிடிபட்டால் செய்தியில் வரும் எண்கள் தானாகவே புரிந்துவிடும்.

## முதலில் சில சொற்கள்

1. கனஅடி. "வினாடிக்கு 20,000 கனஅடி திறப்பு" என்றால் அது ஓட்டத்தின் வேகத்தைச் சொல்கிறது. ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர், ஏறத்தாழ இரண்டு குடம். 20,000 கனஅடி என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் நாற்பதாயிரம் குடம் நம்மைக் கடந்து போகிறது.

2. டிஎம்சி. ஆயிரம் மில்லியன் கனஅடி, அதாவது நூறு கோடி கனஅடி. லிட்டரில் சுமார் 2,830 கோடி. இது இருப்பின் அளவு. கனஅடியையும் டிஎம்சியையும் இணைக்க ஓர் எண் போதும்: வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. (இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் காவிரிச் செய்திகளில் பாதி தெளிந்துவிடும்.)

3. நீர்மட்டம். மேட்டூர் அணைக்கு முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. "60 அடி இருக்கிறதே, பாதி அணை நிறைந்திருக்கிறது" என்று சொல்வது தவறு. அணை அடியில் குறுகி மேலே விரிந்த பாத்திரம். 60 அடியில் இருப்பு 25 டிஎம்சி அளவுக்குத்தான், 100 அடியில் 65 அளவுக்கு.

4. இளவேனில், முதுவேனில். ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கும் நம் பழைய கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். காவிரிக்கரைக்கு இந்தப் பிரிவு கச்சிதமாகப் பொருந்துவதைப் பின்னால் பார்ப்போம்.

## ஆறு ஓரிடம், மழை வேறிடம்

காவிரி பிறப்பது குடகு மலையில், தலைக்காவிரியில். அங்கேயும், கபினி ஆறு பிறக்கும் வயநாட்டிலும் மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடும் அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தை மலையின் மேற்குப் பக்கத்திலும் முகட்டிலும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அது வெறும் காற்று.

அந்த வெறும் காற்றுதான் நமக்கு ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கோவை, கரூர், திருச்சி என்று கிழக்கே அடிக்கிறது. அம்மியும் பறக்கும் என்று சொல்ல வைத்த காற்று. அம்மியைத் தூக்குமே தவிர, ஒரு குடம் தண்ணீர் கொண்டு வராது. தமிழகத்துக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான்.

ஆக, கரையில் உட்கார்ந்திருப்பவரின் மழைக்காலம் வேறு, அவர் காலடியில் ஓடும் ஆற்றின் மழைக்காலம் வேறு. புழுதிக் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும் அதே நாளில் அதே காற்று நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொட்டிவிட்டு வந்த மழை, கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளைக் கடந்து, பிலிகுண்டுலுவில் மாநில எல்லையைத் தாண்டி மேட்டூருக்கு வந்துகொண்டிருக்கும். காற்று மலையை நேராகத் தாண்டி வருகிறது, மழை ஆற்று வழியாகச் சுற்றி வருகிறது. ஆடியில் வெயிலும் வெள்ளமும் கைகோத்து வருவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

## இளவேனில்: ஆறு மணலுக்குள் போகும் காலம்

தை மாதக் கடைசியில், வழக்கப்படி ஜனவரி 28 அன்று, மேட்டூரில் பாசனத்துக்கான திறப்பு நிறுத்தப்படுகிறது. அதன்பின் குடிநீருக்காக மட்டும் கொஞ்சம் வரும். மாசியில் ஆறு ஒடுங்கி ஓர் ஓடையாகிறது, பங்குனியில் ஓடை துண்டு துண்டாகிக் குட்டைகளாகிறது. சித்திரையில் பார்த்தால் கரைக்குக் கரை மணல். "ஆறு வற்றிவிட்டது" என்கிறோம்.

வற்றவில்லை, கீழே இறங்கிவிட்டது. அதற்குச் சாட்சி ஊற்று.

ஆற்றின் தாழ்வான பகுதியில் மணலைக் கையாலேயே பறிக்கத் தொடங்கினால் முதலில் வருவது சுடுமணல். நான்கு விரல் ஆழத்தில் சூடு விட்டுவிடும். ஒரு முழம் போனால் மணலின் நிறம் மாறும், வெளிறிய மஞ்சள் போய்க் கருத்த பழுப்பு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும். இன்னும் கொஞ்சம் பறித்தால் பக்கச் சுவர் மெதுவாகச் சரிந்து, அடியில் கலங்கலாகத் தண்ணீர் சுரக்கும். அந்தக் கலங்கலை இரண்டு மூன்று தடவை இறைத்துக் கொட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்தால் அடுத்து ஊறுவது தெளிந்த நீர். கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றி, மேலே துணி கட்டிக்கொண்டு போவார்கள். மணற்கேணி என்ற பழைய சொல்லுக்குப் பொருள் இந்தக் குழிதான். நாள் முழுக்க மொண்டாலும் குழி நிரம்பிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் நாம் மொள்வது குழியின் நீரை அல்ல, அகன்ற ஆற்றுப் படுகை முழுவதும் பரவிக் கிடக்கும் நீரை.

இந்த மணல், நீரைக் காப்பாற்றி வைக்கும் முறை கவனிக்கத் தக்கது. பரு மணலில் துகள்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் மொத்தக் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும். அதில் நீர் நிறைந்திருக்கிறது. திறந்த ஏரியாக இருந்தால் சித்திரை வெயில் நாளுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் உறிஞ்சிவிடும். களிமண்ணாக இருந்தாலும் திரி எண்ணெயை இழுப்பதுபோல அடி ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விடும். பரு மணலில் துளைகள் பெரியவை, அதனால் இழுக்கும் சக்தி குறைவு. மேல் மணல் காய்ந்ததும் அதுவே மூடியாகிவிடுகிறது. நீர்மட்டம் இரண்டு மூன்று அடிக்குக் கீழே போய்விட்டால் ஆவியாகும் அளவு மிகவும் குறைந்துவிடும். வெயில் எவ்வளவு காய்ந்தாலும் மூடி இன்னும் நன்றாகக் காயும், அவ்வளவே.

கரையோர இளவேனிலின் இன்பங்கள் எல்லாமே இந்த ஒரு ஏற்பாட்டின் கிளைகள்:

1. மாலை மணல். உலர்ந்த மணலுக்குள் காற்று அடைந்திருப்பதால் அது வெப்பத்தைக் கடத்தாது. பகல் முழுக்க மேல் இரண்டு அங்குலம் மட்டும் கொதிக்கிறது. அந்த மெல்லிய அடுக்கில் சேமிப்பு குறைவு என்பதால் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் சூட்டை இழந்துவிடுகிறது. கான்கிரீட் மொட்டை மாடி அப்படியல்ல. பகலெல்லாம் குடித்த வெப்பத்தை நள்ளிரவு வரை நிதானமாகக் கக்கிக்கொண்டிருக்கும். சித்திரை இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள் புழுங்கும்போது ஆற்று மணலில் பாய் இல்லாமல் படுக்க முடிவதற்கு இதுதான் காரணம். அக்கம்பக்கத்தார் சோற்று மூட்டையோடு மணலில் வந்து உட்கார்வதும், நிலாவில் பிள்ளைகள் கபடி ஆடுவதும் வெறும் பழக்கமல்ல, அந்தப் பகுதியிலேயே குளிர்ந்த இடம் அதுதான்.

2. துளிர். இலையுதிர்ந்து நின்ற புங்கமரம் பங்குனியில் பளபளக்கும் இளம்பச்சையில் துளிர்க்கிறது, அதன்பின் பூவை மரத்தடியில் கம்பளமாகக் கொட்டுகிறது. வேம்பு பூக்கிறது. கரையோர நீர்மருது காய்கிற கோடையில் பூவெடுக்கிறது. மழை இல்லாத மாதத்தில் இத்தனை மரங்களுக்குப் புது இலை விடத் தெம்பு எங்கிருந்து வருகிறது? வேர் மணலுக்கடியில் உள்ள நீரில் நிற்கிறது. கரைக்குச் சற்று அப்பால், மேட்டு நிலத்து மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

3. வெள்ளரி. மணலில் குழியெடுத்து எருவிட்டு நட்டு, ஊற்று நீரை மொண்டு ஊற்றி வளர்ப்பது. பிஞ்சாகப் பறித்து மிளகாய்ப்பொடி உப்போடு பேருந்து நிலையங்களில் விற்பது ஒரு வகை. வெடிக்கும் வரை பழுக்கவிட்டு நாட்டுச் சர்க்கரை போட்டுத் தின்பது இன்னொரு வகை. புதுவெள்ளம் வருவதற்குள் கொடியை முடித்துக்கொள்ள வேண்டும், ஆற்றில் பயிர் வைப்பவருக்குக் கெடு கறார்.

4. மடு மீன். ஆறு ஒடுங்கும்போது மீன்கள் ஆழமான மடுக்களில் சேர்கின்றன. கெண்டையும் கெளுத்தியும் கைக்கு எட்டும் காலம். கொக்கும் நாரையும் நீர்நாயும்கூட அதை அறிந்துவைத்திருக்கின்றன.

வைகையிலும் இதே கதைதான். சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து முன்கூட்டியே தண்ணீர் திறக்கிறார்கள். அன்று காலை திறந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. நடுவில் உள்ள மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டு மிச்சத்தைத்தான் மதுரைக்கு விடும்.

## மணல் என்ற தொட்டியின் கொள்ளளவு

ஒரு மாதிரிக் கணக்கு. ஆற்றின் ஒரு கிலோமீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் 500 மீட்டர், மணலின் ஆழம் 5 மீட்டர் என்று வைப்போம். துளைகளில் உள்ள நீர் முழுவதும் கைக்கு வராது, கொஞ்சம் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். மொத்தக் கனத்தில் கால் பங்கு கிடைக்கும் என்று எடுத்தால் 6,25,000 கனமீட்டர், அதாவது 62.5 கோடி லிட்டர். இப்படி 45 கிலோமீட்டர் சேர்ந்தால் 1 டிஎம்சி. யாரும் கட்டாத, நிலம் கையகப்படுத்தாத, வெயிலில் வற்றாத அணை.

திருச்சியைச் சுற்றிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வட்ட வடிவக் கான்கிரீட் கிணறுகள் நிற்பதைப் பாலத்திலிருந்து பார்த்திருக்கலாம். அவை நீர் சேகரிப்புக் கிணறுகள். அடியில் சக்கரத்தின் ஆரக்கால் போலத் துளையிட்ட குழாய்கள் மணலுக்குள் நீண்டிருக்கும். ஊற்றுப் பறிப்பதன் பெரிய வடிவம் அது. திருச்சி நகரம் குடிப்பது இந்த நீரைத்தான். ராமநாதபுரம் வரை போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் ஊற்றுக்கண் இங்கேதான்.

இதிலிருந்து மணல் அள்ளுவதன் விளைவு தெளிவாகிறது. ஒரு மீட்டர் மணல் போனால் மேலே சொன்ன தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு உடைந்தது போல. மணல் திரும்பி வருமா என்றால், மேலே அணைகள் இருப்பதால் புது மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. கீழே வருவது தெளிந்த நீர், அதற்குக் கொடுப்பதைவிட அரித்துக்கொண்டு போகும் குணம்தான் அதிகம். படுகை இறங்க இறங்க நீர்மட்டம் இறங்குகிறது, கரையோரக் கிணறுகள் இறங்குகின்றன, பாலத்தூணின் அடித்தளம் வெளியே தெரிகிறது. பல பழைய படித்துறைகளில் கடைசிப் படி மணலைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கலாம். கட்டியவர் அவ்வளவு உயரத்தில் கட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மணல் கலங்கலை வடிக்கும், கிருமியைக் குறைக்கும். கரைந்த உப்பையும் சாயத்தையும் வடிக்காது. நொய்யல் வழியாக வந்த திருப்பூர்ச் சாயக்கழிவும், ஊர் ஊராகக் கலக்கும் சாக்கடையும் கோடையில், நீர் குறைந்த காலத்தில், செறிவு கூடி மணலுக்குள் இறங்குகின்றன. தெளிவாக இருப்பதாலேயே ஊற்று நீரை இன்றைக்கு அப்படியே குடித்துவிட முடியாது. பழைய சுகங்களில் இதை மட்டும் நான் கழித்தே வைப்பேன்.

## ஜூன் 12: இரண்டு வேனிலின் எல்லைக்கோடு

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. குறுவைக்காக அதைத் திறக்கும் மரபு நாள் ஜூன் 12. ஏன் அந்தத் தேதி? குறுவை நான்கு மாதத்துக்குள் முடியும் பயிர். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் அறுத்துவிட வேண்டும். பின்னோக்கி எண்ணினால் ஜூன் நடுவில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டும். ஜூன் 12 தமிழ்க் கணக்கில் வைகாசியின் கடைசி நாட்கள். மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை எட்ட மூன்று நான்கு நாட்களாகும். அதாவது ஏறத்தாழ ஆனி முதல் தேதி. இளவேனில் முடிந்து முதுவேனில் பிறக்கும் நாளில் ஆறு மணலுக்குள்ளிருந்து மேலே வருகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த பொருத்தமல்ல, ஆனாலும் அழகான பொருத்தம்.

அந்த மூன்று நான்கு நாள் பயணத்தில் மணலின் பங்கு என்ன? மறுபடியும் மாதிரிக் கணக்கு: 100 கிலோமீட்டர் நீளத்துக்கு, 500 மீட்டர் அகலத்தில், மணலின் மேல் ஒரு மீட்டர் மட்டும் வறண்டிருந்தால் அதை நிரப்பவே 1,250 கோடி லிட்டர் வேண்டும். வினாடிக்கு 3,000 கனஅடி திறந்தால் ஒரு நாளில் வருவது சுமார் 734 கோடி லிட்டர். ஆக, ஒன்றே முக்கால் நாள் தண்ணீர் மணலுக்கே சரியாகிவிடும். ஈரோட்டுப் பகுதியில் மின் உற்பத்திக்கான கதவணைகள் நீரைத் தேக்கி வைத்திருப்பதால் அங்கே இந்த இழப்பு குறைவு. கீழே வர வர அதிகம். "அணையைத் திறந்து இத்தனை நாளாச்சு, கடைமடைக்கு இன்னும் வரவில்லையே" என்ற ஆண்டுதோறும் கேட்கும் குமுறலில் ஒரு பகுதிக்கு விடை இதில் இருக்கிறது. வாய்க்கால் தூர்வாரப்படாதது, மதகு பழுது போன்ற மீதிக் காரணங்களை மணலின் தலையில் கட்டக் கூடாது.

புதுத்தண்ணீர் வரும் முகப்பைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடும். பெரிய அலையாக வராது. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. காய்ந்த சருகும் வைக்கோலும் நுரையும் எறும்புக் கூட்டமுமாக, நாக்கை நீட்டி நீட்டித் தடவுவதுபோல மணலில் ஊர்ந்து வரும். முன்னால் ஓரடி போகும், மணல் குடித்துவிடும், நிற்கும், பின்னால் வந்தது தள்ள மறுபடி நகரும். நனைந்த இடத்திலெல்லாம் மொட்டு மொட்டாகக் குமிழி கிளம்பும். துகள்களுக்கு நடுவில் மூன்று மாதமாகக் குடியிருந்த காற்றை நீர் வெளியேற்றுகிற சத்தம் அது, காது வைத்தால் அடுப்பில் சோறு கொதிப்பதுபோலக் கேட்கும். பிள்ளைகள் அதன் முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே வருவார்கள். பெரியவர்கள் பூவும் நெல்லும் தூவுவார்கள்.

## ஆடிப்பெருக்கும் நாட்காட்டியும்

ஆடி 18 ஆங்கில நாட்காட்டியில் ஆகஸ்ட் 2 அல்லது 3 அன்று வரும். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் சமயம் என்பதால், அணைகள் இல்லாத காலத்தில் ஆறு ஏறி நிற்கும் நாளாக அது இருந்திருக்கும். காதோலைக் கருகமணி, காப்பரிசி, மஞ்சள் சரடு வைத்துப் பெண்கள் ஆற்றைக் கும்பிடுவதும், புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விடுவதும், சிறுவர்கள் சப்பரம் இழுப்பதும், புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் என்று கட்டிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் தெரிந்த சங்கதிகள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் மண்ணுக்கு நீர் வந்த நாள் என்பதால் வந்த கொண்டாட்டம்.

இப்போது அந்தப் பெருக்கு இயற்கையின் கையில் மட்டும் இல்லை. சில ஆண்டுகளின் திறப்புத் தேதியைப் பார்த்தால் போதும். 2020, 2021, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் ஜூன் 12 அன்றே திறந்தார்கள். 2022இல் அணை ஏறக்குறைய நிறைந்திருந்ததால் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28, ஆடிப்பெருக்குக்குச் சில நாட்கள் முன்புதான். 2017இல் அக்டோபர் 2. அந்த ஆண்டு ஆடி 18 வந்தபோது ஆறு மணலாகவே கிடந்தது. இப்படிப்பட்ட ஆண்டுகளில் படித்துறையில் ஷவர் குழாய் அமைத்து, அதன் அடியில் நின்று தலையை நனைத்துக்கொண்டு சரடு மாற்றிக்கொண்டவர்கள் உண்டு.

கர்நாடகத்துக்கும் தமிழகத்துக்கும் இடையிலான காவிரி வழக்கின் தீர்ப்பில் உள்ள எண்களும் இந்தப் பருவத்தைத்தான் சொல்கின்றன. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பின்படி, சாதாரண ஆண்டில் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு வர வேண்டியது 177.25 டிஎம்சி. அதன் மாதவாரிப் பங்கீட்டில் ஆகஸ்ட்டுக்கு 45.95 டிஎம்சி, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி. மேலே சொன்ன எண்ணை வைத்து மாற்றினால், ஆகஸ்ட்டில் சராசரியாக வினாடிக்கு 17,000 கனஅடிக்குச் சற்று மேல், கோடை மாதத்தில் ஆயிரத்துக்கும் கீழ். பதினெட்டு மடங்கு வேறுபாடு. காவிரியின் அகலமான படுகையில் ஆயிரம் கனஅடி என்பது நடுவில் ஒரு நெளிவு ஓடை. இளவேனில் காவிரியின் தோற்றம் இப்படி நீதிமன்றத் தாளிலும் எழுதப்பட்டிருக்கிறது: நீரை எதிர்பார்க்காதே, மணலில் இருப்பதை வைத்துக்கொள்.

## மழையில்லாத வெள்ளம்

மேட்டூர் நிறைந்துவிட்டால் அதன்பின் அணை ஒரு வாசல்படி மாதிரிதான். உள்ளே வருவது அப்படியே வெளியே போகும். குடகில் பெய்தது சில நாளில் திருச்சியில் தெரியும். 120 அடியைத் தொடும்வரை "திறப்பு எவ்வளவு" என்பதை அரசு முடிவு செய்கிறது. தொட்டபின் மழை முடிவு செய்கிறது. 2018இல் ஜூலை 19 அன்று பாசனத்துக்குத் திறந்த அணை அடுத்த சில நாளில் நிரம்பிவிட்டது. ஆகஸ்ட்டில் பெருவெள்ளம் வந்தது. அம்மாதம் 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கேயுள்ள மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் உள்ள தீவு ஸ்ரீரங்கம். கொள்ளிடம் சற்றுத் தாழ்ந்த, நேரான வழி. விட்டால் தண்ணீர் முழுவதும் அதிலேயே போக முயலும். அப்படிப் போய்க் காவிரி வறண்டுகொண்டிருந்ததால்தான் 1830களில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். கொள்ளிடத்தை மறித்துக் காவிரிக்கு நீர் தருவதும், வெள்ளத்தில் கதவைத் தூக்கிக் கொள்ளிடத்தில் வடிப்பதும் அதன் வேலை. "தண்ணீரைக் கடலுக்கு விடுகிறார்கள்" என்ற கோபச் செய்தி ஒவ்வொரு வெள்ளத்திலும் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஒரு லட்சம் கனஅடி வரும் நாளில் அதைக் காவிரியின் பாசனக் கால்களில் திருப்பினால் கரை உடையும். கொள்ளிடத்தில் கூடுதலாகத் தடுப்பணைகள் வேண்டுமா என்பது நியாயமான விவாதம், ஆனால் அதை வெள்ள நாளில் மதகுக் கதவோடு சண்டை போட்டுத் தீர்க்க முடியாது.

குளிக்கப் போகிறவர் அறிய வேண்டியது:

1. மணலில் நடந்து பழகிய இடம் நீரில் மாறியிருக்கும். கோடையில் மணல் அள்ளிய குழி, வெள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாது. இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் மூழ்குவது இதனால்தான். குழியின் விளிம்பில் நீர் திரும்பிச் சுழல்கிறது, அதில் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார்.
2. வானம் வெளுத்திருப்பது பாதுகாப்புக்கு அடையாளமல்ல. நீர் ஏறுவது உள்ளூர் மழையால் அல்ல.
3. நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் கூடுதலாக மிதந்து வந்தாலோ கரையேறிவிட வேண்டும்.

ஆடி 18க்குக் குடும்பத்தோடு கரைக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் அந்த வாரச் செய்தியில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும். முதலாவது மேட்டூர் நீர்மட்டம்: 120 அடிக்குக் கீழே என்றால் வருவது திட்டமிட்ட நீர். இரண்டாவது வெளியேற்றம்: நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் எவ்வளவு மாறியிருக்கின்றன. இன்று மேட்டூரில் திறந்தது இன்றே திருச்சிக்கு வராது, ஓரிரு நாள் கழித்துத்தான் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது முக்கொம்பு: காவிரியில் எவ்வளவு, கொள்ளிடத்தில் எவ்வளவு. கொள்ளிடத்திலும் பெரிய அளவில் திறந்துவிட்டார்கள் என்றால் ஆறு தன் வழக்கமான அளவை மீறிவிட்டது. சித்ரான்னத்தை மேற்படியிலேயே பிரித்துக்கொள்ளலாம், காப்பரிசியையும் அங்கிருந்தே தூவலாம்.